இடது பாதியில் எழுதிய பெயர்

வடாலா
ஜூன் 8, ஞாயிறு

அன்புள்ள லக்ஷ்மி அக்காவுக்குப் பானு எழுதுவது. நானும் மகள் சாயிமாவும் அல்லாஹ் கிருபையில் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் நடுவில் உங்கள் ஆபீஸ் கூப்பிட்டுவிடுகிறது, அதனால்தான் கடிதம்.

தாராவியில் எங்கள் பழைய சந்துக் கழிப்பறை திறந்து ஒரு வருஷமாகிறது. பழுது பார்த்தாயிற்று என்று காகிதத்தில் எழுதிவிட்டுப் பூட்டியே வைத்திருந்தார்கள். நீங்கள் தணிக்கைக்கு வந்து கண்ணால் பார்த்து எழுதாவிட்டால் இன்றும் பூட்டுதான் தொங்கும். சந்துப் பெண்கள் உங்களுக்காக துவா செய்கிறார்கள்.

பூட்டியிருந்தது உண்மை என்று உங்களிடம் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததில் வருத்தமே இல்லை. காண்ட்ராக்டர் ஆட்கள் மிரட்டியதும், இடத்துக்காரர் பயந்துபோய் என் தையல் பட்டறையைக் காலி செய்யச் சொன்னதும் போகட்டும். சாயிராவை மட்டும் மன்னிக்க மாட்டேன். நான் கையெழுத்துப் போட்டது அவள் ஒருத்திக்குத்தானே தெரியும்? வேறு யார் அவர்களிடம் போய்ச் சொல்லியிருப்பார்கள்? பன்னிரண்டு வருஷம் என் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தவள். இப்போது சலாம் சொன்னாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

தணிக்கைத் துறைக்கு அதிகாரம் கூட்டிப் புதுச் சட்டம் வருகிறதாமே, டிவியில் சொன்னார்கள். நன்றாக வரட்டும். ஜாக்கெட் துணி அனுப்பி எத்தனை மாதம் ஆகிறது? யாரிடம் தைக்கிறீர்கள்?

உங்கள் தங்கை
அக்தர் பானு

முலுண்ட்
ஜூன் 15

அன்புள்ள பானு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அந்த நன்றியை வாங்கிக்கொள்ளும் யோக்கியதை எனக்கு இல்லை.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம். தாளை நெடுக்காக மடித்து இடது பாதியில் எங்கள் கேள்வியை எழுதுவோம். வலது பாதியைக் காலியாக விட்டு, எந்தத் துறையைக் கேட்கிறோமோ அதற்கே அனுப்புவோம். அவர்கள் அதில் பதில் எழுதித் திருப்ப வேண்டும். ஆதாரம் வலுவாக நிற்கட்டும் என்று இடது பாதியில் உன் பெயரையும் உன் சந்தின் பெயரையும் எழுதியது நான்தான். முப்பது வருஷப் பழக்கம், கை தானாக எழுதிவிட்டது. அந்தத் தாள் அங்கிருந்து காண்ட்ராக்டர் கைக்குப் போயிருக்கிறது. சாயிரா ஒன்றும் சொல்லவில்லை.

உன் பட்டறை பறிபோன அந்த வாரமே இது எனக்குத் தெரியும். நீ சாயிராவைத் திட்டியபோதெல்லாம் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நீ டிவியில் கேட்ட அந்தப் புதுச் சட்ட மசோதாவை ஆராயும் குழு என்னைக் கருத்துச் சொல்ல அழைத்திருக்கிறது. கேட்ட ஆவணங்களைக் கெடுவுக்குள் தராத துறைக்கு அபராதம் என்று அதில் இருக்கிறது. தகவல் கொடுத்தவர்களின் பாதுகாப்புக்கு ஒரு வரிகூட இல்லை. என் தவறைச் சொல்லி அதைக் கேட்கப்போகிறேன். உன் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களுக்குச் சொல்லும் முன் உனக்குச் சொல்ல வேண்டும் அல்லவா? மன்னித்துவிடு.

நாகலக்ஷ்மி

முலுண்ட்
ஜூலை 13

அன்புள்ள பானு,

பதில் இல்லை. உன்மேல் குறையும் இல்லை.

குழுவில் எல்லாவற்றையும் சொன்னேன். ரிட்டையராக இரண்டு வருஷம் இருக்கும்போது இந்தப் பழங்கதை எதற்கு என்று ஓர் உறுப்பினர் கேட்டார். “கையெழுத்துப் போட்டவளோட பட்டறை போயிடுத்து. நான் அதே நாற்காலில உட்கார்ந்துண்டிருக்கேன், சார்” என்றேன்.

தகவல் தந்தவர் பெயர் எந்தத் துறைக்கும் போகக் கூடாது என்று ஒரு பிரிவைச் சேர்க்கப் பரிந்துரைத்துவிட்டார்கள். ஆபீஸில் என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள், கேட்கட்டும். நீ துணிந்து போட்ட கையெழுத்துக்கு நான் ஒரு நாளும் சரியாக நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

நாகலக்ஷ்மி

வடாலா
ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு கடிதமும் வந்தன. முதல் வாரம் உங்கள்மேல் அப்படி ஒரு கோபம். பட்டறைக்காக இல்லை. கை தவறாத மனுஷி யார்? நானே எத்தனை துணியைத் தப்பாக வெட்டியிருக்கிறேன். சாயிராவை நான் ஏசியதை ஒன்றரை வருஷம் சும்மா கேட்டுக்கொண்டிருந்தீர்களே, அதற்குத்தான்.

நேற்று தாராவிக்கு சாயிராவிடம் போனேன். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது, நானே உங்கள் கடிதத்தை வாசித்தேன். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். “நா சொல்லிருக்க மாட்டேன்னு ஒனக்கு ஒரு நாள்கூட தோணலயாட்டி?” என்றாள். அழுதேன். சோறு போட்டாள், சாப்பிட்டேன்.

நீங்கள் சொல்லாமலே இருந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? சொன்னீர்கள். எனக்கு சாயிரா கிடைத்தாள். இனிமேல் கையெழுத்துப் போடுகிற பெண்ணுக்குச் சட்டத்தில் ஒரு வரியும் கிடைக்கப்போகிறது. மனசார நன்றி, அக்கா.

அடுத்த ஞாயிறு அவள் வீட்டில் மூன்று பேரும் சாப்பிடுகிறோம். உங்களுக்காகக் கறி இல்லாமல் சமைக்கிறாளாம். சோற்றைப் போட்டுவிட்டு உங்களை நேரில் திட்ட வேண்டுமாம். நானும் கூடத்தான் இருப்பேன். தடுக்க மாட்டேன்.

பானு