பிளாஸ்டிக்கைப் பிடித்த சதை

1974 ஜூன் 12, புதன். வண்டன்மேடு

விடாத மழை. துணி ஒன்றும் காயவில்லை. நாளை கம்பம் வழியாக மதுரை, கண்ணாஸ்பத்திரி. எடுக்க வேண்டியவை: இவர் வேட்டி இரண்டு, கறுப்புக் கண்ணாடி, சொட்டு மருந்து, பைபிள், புளிச்சோறு. லீவு கேட்டதற்கு மலையாளி ஹெட்மாஸ்டர், "போயிட்டு வரூ டீச்சரே, ப்ரார்த்திக்காம்." எங்களுக்காக ஜெபிப்பாராம்.

ஏலச்செடிக்கு அடிக்கும் மருந்துக்காகச் சுண்ணாம்பு நீற்றும்போது இவர் கண்ணில் தெறித்து நான்கு வருஷம். இரண்டு கண்ணும் போயின. இறந்தவர் கண்ணை வைத்துத் தைத்தது இருமுறை, இரண்டும் வெளுத்துவிட்டன. கடைசியாகப் பிப்ரவரியில் வலக்கண்ணில் பிளாஸ்டிக். அதன்மேல் உதட்டின் உள்தோலைப் போர்த்தித் தையல். சதை அதைப் பிடித்துக்கொண்டதா என்று இப்போது பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால் எடுத்துவிட வேண்டும். அதற்குமேல் வழியில்லை என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார்.

மத்தியானம் இவர் விரல் மறுபடி கண்ணுக்கு. அழுத்திப் பார்க்கிறாராம்! கத்திவிட்டேன். "நட்ட செடிய ஆட்டி ஆட்டிப் பாத்தா வேர் புடிக்குமா? ஏலத்தோட்டத்துக் கங்காணிக்கு நான் சொல்லித் தரணுமா?" கையை மடியில் வைத்துக்கொண்டார். பாவமாக இருந்தது.

14, வெள்ளி. மதுரை

புழுக்கம். இவர் கண்ணில் வைத்த மாதிரியே ஒரு பிளாஸ்டிக்கை டாக்டர் என் கையில் கொடுத்தார். சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை. நடுவில் வெளிச்சம் போகக் கண்ணாடிபோல் தெளிந்த சிறு தண்டு, சுற்றிலும் மெல்லிய தட்டு, தட்டில் ஓட்டைகள்.

"பிளாஸ்டிக்ல சதை ஒட்டாதும்மா. ஆனா இந்த ஓட்டைக்குள்ள பூந்து, அந்தப் பக்கம் இருக்கிற சதையோட கைகோத்துக்கும். அப்புறம் அசையாது."

ஆண்டவரே! அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது? ஓட்டை எங்கே என்று சதைக்கு எப்படித் தெரிகிறது? இட்லி இறங்கவில்லை. அந்தப் பொத்தானே நினைப்பு.

15, சனி

இவரை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே நான், பாதி ஜெபத்தோடு. டாக்டர் வந்து, "நல்லா புடிச்சிருக்கு" என்றார். எனக்கு அழுகை.

பின்னாலேயே நர்ஸ் கையைப் பிடித்து வந்த இவர், கட்டுப் போட்ட கண்ணோடு, "யாரப் புடிச்சிருக்காம்?" எல்லாரும் சிரிப்பு. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, "பொண்ணு புடிச்சிருக்கா?" என்றதற்கு வாயே திறக்காத மனுஷர்! இவர் அக்காதான் பதில் சொன்னார்.

தண்டின் முனைக்கு நேராகத் தோலைத் திறந்திருக்கிறார்கள். கட்டு அவிழ்ப்பது திங்கள்.

17, திங்கள்

அவிழ்த்தாயிற்று. சிவந்த சதை, நடுவில் மிளகளவு கறுப்பு மினுக்கம். சுற்றிலும் இறுக்கமாகப் பிடித்திருக்கிறது. தொட்டுப் பார்க்க எனக்கே கை பரபரத்தது.

எதிரில் போய் நின்றேன். குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரியுமாம். தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"கம்மல் தெரியுது... மூக்கு... ஏ புள்ள, எம்புட்டு நரை!"

வெட்கமாகிவிட்டது. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டேன்.

"எடு அத," என்றார். "புடிச்சிருக்கு."