காலமாகாத என் அக்காவின் விசாக் கோப்பைத் திறக்கக் கோரி

அனுப்புநர்
விண்ணப்பதாரரின் தங்கை (வயது 17),
அட்டைப்பெட்டிப் பட்டறை,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்து.

பெறுநர்
உயர்திரு விசா அதிகாரி அவர்கள்,
மாணவர் விசாப் பிரிவு, மூன்றாம் மாடி.

பொருள்: வெளிநாட்டில் வணிக மேலாண்மை முதுகலை படிக்க விண்ணப்பித்த என் அக்கா காலமானதாகக் கருதிக் கோப்பு மூடப்பட்டது – அவர் காலமாகவில்லை – கோப்பைத் திறக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலகத் தொலைபேசி அழைப்பு, ஆகஸ்ட் 3, முற்பகல் 11.20.
2. தங்கள் கடிதம், ஆகஸ்ட் 7.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் எனக்குத் தெரிந்ததும் தப்பாகவே வரும். எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். ஆகவே நேரில் வராமல் இம்மனுவை அனுப்புகிறேன். தவறு முழுவதும் என்னுடையது. தண்டனை அக்காவுக்குக் கிடைத்திருக்கிறது.

1. எங்கள் அம்மாவின் பட்டறையில் கேக், செருப்பு, மருந்து வைக்கும் அட்டைப்பெட்டிகள் செய்கிறோம். நான் மடித்து ஒட்டுவேன். அக்கா நான்கு ஆண்டுகளாக மேலாளர். விண்ணப்பத்தில் 'பேக்கேஜிங் நிறுவனம்' என்று அவர் எழுதியிருப்பது இதைத்தான். மொத்தம் மூன்று பேர் என்றாலும் நிறுவனம் நிறுவனம்தானே. இரண்டு ஆண்டுகள் முயன்று, மூன்று பல்கலைக்கழகங்கள் கைவிரித்து, நான்காவதில் அக்காவுக்கு இடம் கிடைத்தது. ஆகஸ்ட் 25க்குள் விசா எண்ணைத் தெரிவிக்காவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

2. ஆகஸ்ட் 3 அன்று பட்டறையில் நான் மட்டும் இருந்தேன். விசாவுக்கு மருத்துவச் சோதனை வேண்டும் என்று தாங்கள் கேட்டிருந்ததால் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். செருப்புக் கடைக்காரர் தம் வெள்ளை வேனில் கூட்டிப் போனார். அம்மா வாடிக்கையாளர் ஒருவரிடம் அளவெடுக்கப் போயிருந்தார். அப்போது தொலைபேசி அடித்தது. வழக்கமாக நான் எடுப்பதில்லை. பதினான்கு முறை அடித்ததால் எடுத்தேன்.

3. அழைத்தவர் தமிழ் பேசும் அலுவலர். மிகவும் நல்லவர். அவர் மீது எனக்குப் புகார் இல்லை. பேசியது அப்படியே நினைவில் இருக்கிறது. தினமும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா வேலை செய்யும் இடம் இதுதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவரிடம் பேசலாமா என்றார். "அக்கா போயிட்டாங்க சார்" என்றேன்.

குரலைத் தணித்துக்கொண்டு "எப்போம்மா?" என்றார்.

"இப்பதான் சார். அரை மணி நேரம்கூட ஆகல."

"ஐயையோ. என்னம்மா ஆச்சு?"

"நெஞ்சுல எக்ஸ்ரே எடுக்கணும்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க சார். வெள்ளை வேன்ல."

"வீட்டுல பெரியவங்க யாரும் இல்லையா?"

"அம்மா பெட்டிக்கு அளவெடுக்கப் போயிருக்காங்க."

"நீ தனியாவா இருக்கே?"

"ஆமா சார். சாயங்காலத்துக்குள்ள பெட்டி ரெடியாகணும். நான்தான் ஒட்டணும்."

அவர் உடனே "தைரியமா இரும்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும். ஆனால் ஐயா, என்னைப் பார்க்கும் எல்லோரும் தைரியமாக இருக்கச் சொல்வதுதான் வழக்கம். பால்காரரும் சொல்வார்.

4. நான் அழுததாகக் கோப்பில் குறிப்பு இருப்பதாகத் தங்கள் கடிதம் சொல்கிறது. நான் அழவில்லை. பசை வாடையால் எனக்கு எப்போதும் மூக்கு ஒழுகும்.

5. வீட்டில் "அக்கா வெளிய போயிருக்கா" என்றுதான் சொல்வேன். அதிகாரியிடம் மரியாதையாகப் பேச வேண்டுமே என்று 'போயிட்டாங்க' என்றேன். கடைக்குப் போனவரையும் அப்படிச் சொல்வோம், உலகத்தை விட்டுப் போனவரையும் அப்படியே சொல்வோம். தங்கள் கடிதம் வந்ததும் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு, "மரியாதை குடுக்கப்போய் உசுரையே எடுத்துட்டியேடி!" என்றார்.

6. அக்கடிதத்தில் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்திருந்தீர்கள். அதற்கு நன்றி. கடைசி வரியில் 'சூழ்நிலை மாறினால் விண்ணப்பதாரர் மீண்டும் விண்ணப்பிக்கலாம்' என்றிருந்தது. அக்கா அன்றே நேரில் வந்தார். வாசலில் இருந்த காவலர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இறந்தவங்க சார்பா வர்றவங்க புதன்கிழமைதான் வரணும்" என்றாராம். உயிரோடு இருப்பதற்குச் சான்று வாங்க வட்டாட்சியர் அலுவலகம் போனால், அது ஓய்வூதியம் வாங்குவோருக்கு மட்டும்தானாம். அங்கிருந்த எழுத்தர், "உங்களுக்கு இன்னும் வயசு இருக்கும்மா, முப்பத்தாறு வருஷம் கழிச்சு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

7. இன்னொன்றும் சொல்ல வேண்டும். "இவ போகக் கூடாதுன்னு வேணும்னே சொன்னியா?" என்று அம்மா என்னைக் கேட்டார். அக்கா எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம். ஒன்பது நாட்களாக அவர் என்னோடு பேசவில்லை. ஐயா, அக்கா போவதில் எனக்கு விருப்பம் இல்லைதான். அவர் போய்விட்டால் தொலைபேசியை யார் எடுப்பது? பேரம் பேசுகிறவர்களுக்கு யார் பதில் சொல்வது? அவர் விண்ணப்பத்தை நிரப்பிய நாட்களில் கிடைக்கக் கூடாது என்று இரண்டு முறை வேண்டிக்கொண்டதும் உண்டு. ஆனால் அன்று சொன்னதை வேண்டுமென்று சொல்லவில்லை. அவ்வளவு சாமர்த்தியம் எனக்கு இருந்தால் நான் பள்ளியை விட்டிருக்க மாட்டேன்.

8. படிப்பு முடிந்து திரும்புவீர்களா என்று விண்ணப்பத்தில் தாங்கள் கேட்ட கேள்விக்கு அக்கா இரண்டு பக்கம் பதில் எழுதியிருக்கிறார். அதையே நான் ஒரு வரியில் சொல்லிவிடுவேன். எங்கள் வீட்டில் யாரும் 'போறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதில்லை. அன்று அக்கா சொன்னதும் "போயிட்டு வரேன்" என்றுதான். ஒரு மணிக்கெல்லாம் வந்தும்விட்டார். பாதியை நான்தான் விழுங்கிவிட்டேன்.

ஆகவே, ஆகஸ்ட் 3 அன்று நான் சொன்னதைத் திருத்தி, 'அக்கா போயிட்டு வருவாங்க' என்று கோப்பில் பதிந்து, 25ஆம் தேதிக்கு முன் அதைத் திறந்து விசா வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். ஐயமிருந்தால் எந்நேரமும் பட்டறைக்கு அழைக்கலாம். முதல் மணியிலேயே எடுப்பேன். தைரியமாகவும் இருப்பேன்.

நாள்: ஆகஸ்ட் 16
இடம்: பட்டறை, தொலைபேசிக்கு அருகில்

இப்படிக்கு,
தங்களுக்குத் தவறான தகவல் தந்த
விண்ணப்பதாரரின் தங்கை
(கையொப்பம்)

இணைப்பு: இன்றைய செய்தித்தாளைப் பிடித்தபடி நிற்கும் அக்காவின் புகைப்படம். (கோபமாக இருக்கிறார். உயிரோடு இருக்கிறார்.)

பின்குறிப்பு: இம்மனுவை நேற்று அக்காவின் தலையணை மேல் வைத்தேன். இன்று காலை என் பசை டப்பாவுக்கு அடியில் இருந்தது. சிவப்பு மையில் ஏழு எழுத்துப்பிழைகளைத் திருத்தியிருந்தார். எட்டாம் பத்திக்கு அருகே, "'வரேன்'ங்கிறதுக்கு அடிக்கோடு போடுடி, மறுபடியும் முழுங்கிடாதே" என்று எழுதியிருந்தார். போட்டுவிட்டேன்.