கையை இறக்கினால் மறையும் படம்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நான் சுகம். உங்கள் முதுகுவலி தேவலையா? சின்னவள் அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறாளா?

செவ்வாய்க்கிழமை மதியம் ஆலையில், எங்கள் இஸ்திரிப் பிரிவில், நீராவிக் குழாய் ஒன்று வெடித்துவிட்டது. பயப்படாதீர்கள், நான் அறையில்தான் இருந்தேன். எனக்கு வயிற்றுவலி என்று, என் முறைக்கு அறைத்தோழி அக்கா போயிருந்தாள். ஆலை வேன் டிரைவர் வந்து சொன்னதும் அவளைப் போனில் கூப்பிட்டோம். எடுக்கவில்லை.

அறையில் பழைய டிவி ஒன்று உண்டு. அதன் சின்ன ஆன்டெனாவை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தால்தான் படம் வரும். இறக்கினால் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். நாற்காலியில் ஏறி, திரைக்கு முதுகைக் காட்டியபடி நான் பிடித்துக்கொண்டேன். கூட இருக்கும் சமையல்காரம்மா திரையோடு ஒட்டி உட்கார்ந்தார். ஆலை விபத்துச் செய்தி ஓடியது, ஆனால் இந்த ஊர்ப் பாஷை எங்களுக்குப் புரியாது. அவர் அக்காவின் முகத்தை மட்டும் தேடினார்.

என் கை மரத்துப்போன பிறகு சொன்னார்:

"அசையாதடி, தெரியுறா. ரோட்டோரம் உக்காந்திருக்கா. கையில கட்டு."

"உசுரோடதானே இருக்கா?"

"தண்ணி குடிக்கிறாடி."

சாயங்காலம் வந்த அக்கா என்னைத் திட்டவில்லை. "வயித்துவலி போயிடுச்சா?" என்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சூட்டுப்புண்ணுக்கு நம் வீட்டில் போடும் களிம்பு அனுப்புங்கள். பிள்ளைகள் போட்டோவைக் காகிதத்தில் பிரிண்ட் போட்டு அனுப்புங்கள். போனில் பார்ப்பது போதவில்லை. அம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

வேன் ஹாரன் அடிக்கிறது. அக்கா கை ஆறும்வரை அவள் முறையும் எனக்குத்தான்.

உங்கள் வீட்டுக்காரி