பெஞ்சுக்குள் ரூபி

அன்பு மகள் லிபியாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் உன் பூனை ரூபியும் ஓசூரில் பிழைத்துக் கிடக்கிறோம், அயர்லாந்தில் உன் இருமல் விட்டதா, வயிற்றுக்குச் சாப்பிட்டுவிட்டு டியூட்டிக்குப் போகிறாயா என்பதே இங்கே நினைப்பு. போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று பதறாதே. போனில் உன் குரல் கேட்டாலே ரூபி கத்துகிறது, மாடியில் வீட்டுக்கார வெங்கடம்மாளுக்குக் கேட்டுவிடும் என்று உயிர் போகிறது.

நாய் பூனை கூடாது என்பதுதான் அந்தம்மா போட்ட முதல் கண்டிஷன். இப்போது அவர் மகள் காவேரி பிரசவத்துக்கு வந்து பச்சைக் குழந்தை வேறு மேலே இருக்கிறது. தெரிந்தால் அன்றைக்கே காலி பண்ணச் சொல்வார். நெஞ்சு ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா படியேறவே கூடாது, கீழ்வீடு இன்னொன்று எங்கே கிடைக்கும் சொல்? ஆனால் கம்பெனியை விட்டபின் உங்கப்பா வாய் திறந்து பேசுவது ரூபியோடுதான், அதை எப்படி விரட்டுவேன்? அதனால் ஹாலில் இருக்கும் மரப் பெஞ்சுப் பெட்டியின் பக்கவாட்டில் அப்பா வட்டமாக ஓட்டை போட்டு, ரூபி வெளிக்குப் போகும் மணல் டப்பாவை உள்ளே வைத்து, மேலே மெத்தை விரித்துவிட்டார். கம்பெனி டூல் ரூமில் பழகிய கை, அவ்வளவு நேர்த்தி. நாற்றத்துக்கு நான் சாம்பிராணி போடுகிறேன். நீங்க கர்த்தர் சாமி கும்புடறவங்க, ஏன்மா இவ்ளோ பொக போடறீங்கன்னு அந்தம்மா ஒருநாள் கேட்டே விட்டார்.

போன சனிக்கிழமை இறங்கி வந்தவர் நேராக அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டார். உள்ளே ரூபி! சரக் சரக்கென்று மணலைப் பிராண்டுகிறது. அப்பா சட்டென்று எழுந்து, ஜெபம் பண்ணலாம் என்று சொல்லிச் சத்தம் போட்டு ஜெபிக்க ஆரம்பித்தார். சபையில் கூட அப்படி ஜெபித்ததில்லை மனிதர். அந்தம்மாவும் கண்ணை மூடிக் கும்பிட்டார். ஆமென் சொன்னதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சார், கொழந்த பாலே குடிக்க மாட்டேங்குது, வர்ற சனிக்கெழம தூக்கிட்டு வர்றேன், இதே எடத்துல படுக்க வச்சு ஜெபம் பண்ணுங்க என்றாரே!

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பூனை மூத்திரத்துக்கு மேலே பச்சைக் குழந்தையைப் படுக்க வைப்பதா? கர்த்தர் பேரைச் சொல்லி ஏமாற்றியதற்கு என்ன வருமோ என்று வேறு பயம். டப்பாவைக் குளியலறைக்கு மாற்றிவிடலாம் என்கிறார் அப்பா. அந்தப் பிள்ளையின் முகத்துக்கு முன்னால் மறுபடியும் பொய் ஜெபம் என்னால் முடியாது. வெள்ளிக்கிழமை நானே மேலே போய்ச் சொல்லிவிடுவேன். அப்பாவுக்குத் தெரியாது.

கர்த்தர் உன்னைக் கண்மணி போல் காப்பாராக. காலுறை போடாமல் வெளியே போகாதே.

அன்புடன்,
அம்மா ஜெபசீலி

பி.கு.: இது உன் கைக்கு வருவதற்குள் அந்த வெள்ளிக்கிழமை போயிருக்கும். கவரின் பின்னால் பர்கூர் எஸ்லின் சித்தி வீட்டு விலாசம்தான் போட்டிருக்கிறேன். பதிலை அங்கேயே போடு.