ஐந்நூறு கிராம் கூடுதல்

அக்டோபர் 8, புதன். இரவு 9.20. எடை 100.5 கிலோ.

செல்போன் டவரில் ஏறுபவன் நூறு கிலோவைத் தாண்டக் கூடாது. பாதுகாப்பு பெல்ட் அதற்கு மேல் தாங்காது. இன்று ஆபீஸில் எல்லோர் முன்னாலும் எடை பார்த்தார்கள். சூப்பர்வைசர், "நீ ஏறாதப்பா. ரெண்டு வாரத்துல கொறைக்கலன்னா ஸ்டோர்ல உக்காந்துக்கோ" என்றார்.

கூட வேலை செய்யும் தில்லிபாபு சிரித்தான். "மலையச் சுத்திச் சுத்தி நீயே மலையாயிட்டியே மச்சான்!"

கிரிவலம் போனால் எடை குறையும் என்றவனே அவன்தான். திங்கட்கிழமை பௌர்ணமிக்கு விடிய விடிய நடந்தேன். மறுநாள் தூக்கமில்லாமல் பசி அடங்கவேயில்லை. நடந்து கரைத்ததைவிட ஜாஸ்தி தின்றேன்.

அது ஒரு நாள் கதை. தன் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று தில்லிபாபு ஒரு மாதமாகத் தன் நைட் டியூட்டியை என் தலையில் கட்டியிருக்கிறான். ஏழு மணி நேரம் தூங்கினால் எனக்கு மூன்று இட்லி போதும். அவனுக்காகக் கண் விழித்த மறுநாள் எட்டு இட்லிக்குப் பிறகும் கை தட்டைத் தேடுகிறது.

சாயந்திரம் பஸ் ஸ்டாண்டில் அவன் மனைவியைப் பார்த்து உடம்பை விசாரித்தேன். "எனக்கென்னங்க, நல்லாத்தான் இருக்கேன். அவருதான் ஒம்போது மணிக்கே கொறட்ட விடறாரு."

இனி:

1. நைட் டியூட்டி மாற்றிக்கொள்ள முடியாது என்று காலையில் எழுதிக் கொடுப்பது.
2. மனைவிக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று ஆபீஸ் நடுவில் அவனைக் கேட்பது.
3. ஒரு மாத நைட்டையும் எனக்குப் பதிலாக அவனைப் பார்க்க வைப்பது. கண் விழித்தால் அவனுக்கும் பசிக்கும். தினமும் முட்டை தோசை என் செலவில் அனுப்புவது, இரண்டிரண்டாக.