யாருடைய வலது?

நவம்பர் 21, வியாழன்

ரெட்டியார்பாளையத்தில் இருபது வருடமாக வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். அந்தத் திமிரில்தான், நர்சிங் படிக்கும் மகள் சங்கீதா காய்ச்சலில் படுத்தபோது, அவளுடைய ரெக்கார்டு நோட்டில் இருந்த உடம்புப் படத்துக்கு நானே பெயர்ச்சீட்டுகளை ஒட்டிக் கொடுத்தேன். வலது நுரையீரல் தாளின் வலப்பக்கம், இடது நுரையீரல் இடப்பக்கம். ஒரு கோணல் இல்லை.

இன்று வகுப்பில் மேடம் அதைத் தூக்கிக் காட்ட, எல்லோரும் சிரித்தார்களாம்.

"படத்துல இருக்கிறவன் நம்மள பாத்து நிக்கிறான்பா. அவனோட வலதுதான் வலது. பாக்குறவங்க வலது கணக்கே இல்ல."

"யாரு ஒட்டுனதுன்னு கேட்டாங்களா?"

"நான்தான்னு சொல்லிட்டேன்."

"எங்கப்பன் எட்டாவதுன்னு சொல்லியிருக்கலாமே!"

"உன்ன வச்சி சிரிக்க அவங்க யாரு?"

எதிரில் நிற்பவர் பக்கத்தையும் என் பக்கமாகவே இத்தனை காலம் எண்ணியிருக்கிறேன். என் மனைவியைக் கேட்டிருந்தால் என்றைக்கோ சொல்லியிருப்பாள்.

நாளைக்குத் திருத்திக் காட்ட வேண்டுமாம். நோட்டை மறுபடி என்னிடமே நீட்டினாள். படத்தில் இருப்பவனைப் போல உள்ளங்கைகளை முன்னால் திருப்பி நின்று பார்த்து, ஒவ்வொன்றாகப் பிய்த்து மாற்றி ஒட்டினேன். அவள் பிரித்துக்கூடப் பார்க்காமல் பையில் வைத்தாள்.

"ஒரு தடவ பாத்துடும்மா."

"நீ பாத்தல்ல, போதும்பா."

அவள் தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. பையைத் திறந்து இன்னொரு முறை சரிபார்க்கலாம். ஆனால் ஜிப் சத்தத்தில் விழித்துக்கொள்வாள்.