தண்ணீர் ஊற்றுகிறவர்

ஆற்றங்கரைக் கூடாரத்தில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நான் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா? நம் பொன் தேடும் கையேட்டின் மூன்றாம் பதிப்புக்கு நீங்கள் அனுப்பிய பக்கங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. தட்டச்சு செய்து மெய்ப்பும் பார்த்துவிட்டேன். உங்கள் கையெழுத்து இந்த முறையும் கோழி கிளறியது மாதிரிதான் இருக்கிறது. அதைப் படிக்க என் ஒருத்தியால்தான் முடியும் என்ற கர்வத்திலேயே இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன்.

அடுப்படிக் குழாய் இன்னமும் ஒழுகுகிறது. குழாய்க்காரர் வந்து பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார், ஆளைக் காணோம். அச்சகக்காரர் மட்டும் தவறாமல் வருகிறார். பொன் தேடுகிறவர்கள் ஆற்றில் இறங்கும் பருவம் போய்விட்டால் கையேட்டை யார் வாங்குவார்கள் என்று அவசரப்படுத்துகிறார். மகள் தொலைபேசியில் பேசினாள். அப்பா எப்போது வருவார் என்று கேட்டாள். பதிப்பு அச்சுக்குப் போனதும் வந்துவிடுவார் என்று சொல்லியிருக்கிறேன்.

இனி நூல் சம்பந்தமாகச் சில சந்தேகங்கள்.

மணலைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி ஆட்டிப் பொன்னைப் பிரிக்கிற தொட்டில்பெட்டியைப் பற்றிய அத்தியாயத்தில் ஒரு வரி மாறியிருக்கிறது. முதல் இரண்டு பதிப்புகளிலும் "இந்த வேலைக்கு ஒருவர் போதும், துணைக்கு வருபவர் இடைஞ்சலே" என்று இருந்தது. அந்த வரி எனக்கு மனப்பாடம். நானும் வருகிறேன் என்று துணிமணிகளைக் கட்டிய போதெல்லாம் அதைத்தானே எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். இப்போது "இருவர் இருந்தால் நல்லது. ஒருவர் தொட்டிலை ஆட்ட, மற்றவர் தண்ணீர் ஊற்ற, வேலை பாட்டுப் போல நடக்கும்" என்று இருக்கிறது. கை தவறி எழுதியதா, தெரிந்தே எழுதியதா? நம் மகள் தொட்டிலில் கிடந்த காலத்தில் நீங்கள் ஒரு நாளாவது ஆட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை. அதனால்தான் கேட்கிறேன்.

இரண்டாவது, தட்டில் மணலை அலசும் இடம். "அரிசியில் கல் அரிப்பது போல என்று நினைத்துக்கொண்டால் கை தானாக வரும், இதை எனக்குச் சொல்லித்தந்த நண்பருக்கு நன்றி" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த நண்பர்? முதல் பதிப்பு எழுதும்போது அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, கனமானது அடியில் தங்க லேசானது மேலே போவதை எப்படி விளக்குவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் அரிசி அரித்துக்கொண்டே, இதோ இப்படித்தான் என்று காட்டினேன். சமையல் வேறு, சுரங்க வேலை வேறு என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அந்த நண்பர் ஒருவேளை நான்தானோ என்று முதலில் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன்.

மூன்றாவது, பாதுகாப்புக் குறிப்புகள். "நீளமான கூந்தல் உள்ளவர்கள் பம்பு அருகே போகும்முன் கொண்டை போட்டுக்கொள்ளவும். பெல்ட்டில் சிக்கினால் ஆபத்து." உங்கள் தலையில் சிக்குவதற்கு ஒன்றும் இல்லை. நம் நூலை வாங்குகிற ஆட்களும் பெரும்பாலும் உங்களைப் போலத்தான். யாருக்காக இந்தக் குறிப்பு?

பக்கத்துக்கூடாரக்காரர் என்று நீங்கள் எழுதும் அந்த ஓய்வு பெற்ற நில அளவையர் நலமா? ஆற்று வளைவின் படத்தில் பிழை கண்டுபிடித்து நமக்குக் கடிதம் போட்டவர் என்பதால் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. எழுத்து முத்து முத்தாக இருக்கிறது, ஒழுக்கமான மனிதராகத் தெரிகிறது, பதில் போடுங்கள் என்று உங்களைத் தூண்டியதே நான்தான். உங்களுக்கு அனுப்பிய சவர பிளேடுகளில் பாதி அவருக்கு. கொடுத்தீர்களா?

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு பருவத்திலும் முதலில் கிடைக்கும் பொட்டுத் தங்கத்தை ஒரு அட்டையில் ஒட்டி எனக்கு அனுப்புவீர்கள். இந்த முறை அட்டை வந்தது, பொட்டைக் காணோம். உறையை உதறிப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன். தபாலில் உதிர்ந்துவிட்டதோ என்னவோ.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி

*

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் பதில் கிடைத்தது. தொட்டில்பெட்டியின் அடிப்பலகை எத்தனை சாய்வாக இருக்க வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பிறகு ஓரத்தில், இடம் போதாமல் நெருக்கி, அளவையர் ஒரு பெண்மணிதான், முன்பே சொன்னதாக ஞாபகம், என்று ஒரு வரி.

சொல்லவில்லை. உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்துத் திரும்பப் படித்தேன். அளவையர் வந்தார், அளவையர் சிரித்தார், அளவையர் நன்றாகத் தண்ணீர் ஊற்றுகிறார். எல்லா இடத்திலும் ஆர், ஆர், ஆர். பொய் என்று ஒரு எழுத்தைக்கூடக் காட்ட முடியாது. நான்தான் அவருக்கு ஒரு நரைத்த மீசை வைத்து, சட்டைப்பையில் பேனா சொருகி, இரவில் குளிருமே என்று கவலையும் பட்டிருக்கிறேன். பிளேடுகளை வாங்கிக்கொண்டு அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார் என்று வேறு எழுதுகிறீர்கள். சிரிக்கட்டும்.

முதல் பொட்டு தபாலில் உதிரவில்லை என்பதும் தெரிந்தது. தட்டில் அதை முதலில் பார்த்தது அவர்தான், அதனால் அவரிடமே கொடுத்துவிட்டேன், அதுதானே நியாயம் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான். ஆற்றுக்கே வராத ஒருத்தி அதை எப்படி முதலில் பார்ப்பாள்?

பொறாமையா என்று கேட்டிருந்தீர்கள். ஆமாம், பொறாமைதான். வயிறு பற்றி எரிகிறது. இதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. நீங்கள் தப்பாக நடந்துகொள்வீர்கள் என்று நான் பயப்படவில்லை. அதற்கான சாமர்த்தியம் உங்களுக்குப் போதாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து தண்ணீர் ஊற்ற, வேலை பாட்டுப் போல இருக்கிறது என்று சொல்கிற ஒரு மனிதர் உங்களுக்குள் இருக்கிறார் இல்லையா, அவரை நான் பார்த்ததே இல்லை. தனியாக இருந்தால்தான் வேலை ஓடும் என்கிற ஆளோடுதான் இத்தனை காலம் குடும்பம் நடத்தினேன். அவருக்குத் தேநீரை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு சத்தம் போடாமல் வெளியே வரப் பழகிக்கொண்டேன். அந்த அம்மாள் எதையும் பழகிக்கொள்ளாமல் நேரே வந்து உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய யோசனைகள் நன்றாகத்தான் இருக்கின்றன. அபிரகம், அதாவது காக்காப்பொன், மின்னினால் ஏமாறாதீர்கள், நிழலுக்குள் கொண்டுபோய்ப் பாருங்கள், அங்கேயும் நிறம் மாறாமல் இருந்தால்தான் பொன் என்று அவர் சொன்னதாகச் சேர்த்த பத்தி, நூலிலேயே தெளிவான பத்தி. திருத்த ஒன்றும் கிடைக்காமல் எனக்குக் கோபம்தான் வந்தது. கடைசியில் ஒரு காற்புள்ளியை எடுத்துவிட்டு, பிறகு திரும்பப் போட்டேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. நூலில் 'வீட்டில் பழகுதல்' என்ற பகுதியைத் தட்டச்சு செய்தேனே தவிர, இதுவரை செய்து பார்த்ததில்லை. உங்கள் பழைய தட்டை எடுத்தேன். எதிர்வீட்டில் கட்டட வேலை நடக்கிறது. அங்கே மேஸ்திரியிடம் ஒரு வாளி மணல் கேட்டேன். வீட்டில் என்ன கட்டப்போகிறீர்கள் என்று கேட்டார். கட்டவில்லை, கழுவப்போகிறேன் என்றேன். அவர் வாளியை நிரப்பித் தந்தார். நூலில் சொன்னபடி பொன்னுக்குப் பதிலாகச் சன்ன ஈயக்குண்டுகளைத் தட்டையாக்கி மணலில் கலந்து, துணி துவைக்கும் தொட்டியில் அலசினேன். முதல் தடவை ஒன்றும் மிஞ்சவில்லை. "மெதுவாகச் சுழற்றவும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பிச் சுழற்றினால் எல்லாம் போய்விடுகிறது. பிறகு நூலை மூடி வைத்துவிட்டு, அரிசி என்று நினைத்துக்கொண்டு அரித்தேன். அத்தனை குண்டும் அடியில் நின்றது.

அப்போதுதான் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். இதை நீங்கள் அவரிடம் வாசித்துக் காட்டக் கூடாது.

அரிசி அரித்தவள்

*

என் வீட்டுக்காரருக்கு,

பதிப்பு முடிந்ததும் வந்துவிடுவேன், நீ இங்கே வந்தால் கொசுவும் குளிரும் தாங்க மாட்டாய் என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே, அளவையர் இன்னொரு வளைவைக் காட்டியிருக்கிறார், அதையும் பார்த்துவிட்டால் நூல் முழுமையாகும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆற்றில் வளைவுக்கா பஞ்சம்? இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனால் நீங்கள் கடலில் போய்த்தான் நிற்பீர்கள்.

அச்சகக்காரர் நேற்று கறாராகச் சொல்லிவிட்டார். "கடைசி மெய்ப்புல ஆசிரியர் கையெழுத்து இல்லாம நான் மெஷின் ஓட்ட மாட்டேம்மா" என்றார். தபாலில் அனுப்புகிறேன் என்று அவரிடம் சொன்னேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். தபாலை எதற்கு நம்ப வேண்டும்? பொட்டுத் தங்கத்தையே தொலைக்கிற தபால் என்றுதானே கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நானே கொண்டுவருகிறேன். இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைத்த மறுநாள் மத்தியானப் பேருந்தில் வந்து இறங்குவேன். வேண்டாம் என்று நீங்கள் பதில் எழுதினால் அதைப் படிக்க வீட்டில் ஆள் இருக்காது.

குழாயை நானே வாஷர் மாற்றிச் சரிசெய்துவிட்டேன். மகளிடம் சொன்னேன். பெட்டியில் கம்பளி வைத்தாயா என்று மட்டும் கேட்டாள். வைத்திருக்கிறேன். பழைய தட்டையும் வைத்திருக்கிறேன்.

மெய்ப்பில் நான் எதையும் மாற்றவில்லை. "இருவர் இருந்தால் நல்லது" அப்படியே இருக்கிறது. உண்மையைத்தான் எழுதியிருக்கிறீர்கள், வேறு ஆளை வைத்து அதைக் கண்டுபிடித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அரிசி அரிக்கிற இடத்தில் மட்டும், நன்றி சொல்லும் வரிக்குப் பக்கத்தில், பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். அதை அழிப்பதும் விடுவதும் ஆசிரியரின் பொறுப்பு. மூன்று பேர் இருந்தால் தொட்டில்பெட்டியில் யார் எந்த வேலை செய்ய வேண்டும் என்று நூலில் எங்கேயும் இல்லை. நான் வருவதற்குள் அதை யோசித்து வையுங்கள்.

அளவையரிடம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டேன். பிளேடுகளுக்குப் பதிலாக ஒரு நல்ல சீப்பு வாங்கி வைத்திருக்கிறேன், கொடுத்துவிடுவேன். அவர் ஊற்றுவதை ஓரமாக நின்று பார்ப்பேன். பிறகு குவளையைக் கையில் வாங்கிக்கொள்வேன்.

உங்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அவரைப் பற்றி எழுதிய இடத்தில் எல்லாம் வந்தார், சொன்னார், ஊற்றினார் என்றே எழுதியிருக்கிறீர்கள். அந்த 'ஆர்' முதலில் என்னை ஏமாற்றியது. பிறகு ஒரு நாள் பழைய கடிதங்களை வைத்துக்கொண்டு, ஒரு இடத்திலாவது அது வந்தாள், சொன்னாள் என்று 'ஆள்' ஆகிவிட்டதா என்று வரி வரியாகத் தேடினேன். ஆகவில்லை. அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன். அவர் என்றைக்கும் 'அவர்' ஆகவே இருக்கட்டும்.

பேருந்து நிற்கும் இடத்துக்கு வாருங்கள். நான் இறங்கியதும், எதிரில் யார் நின்றாலும் சரி, அவர்களிடம் என் மனைவி வந்திருக்கிறார் என்று மரியாதையாகச் சொல்லிவிடாதீர்கள். வந்துட்டா என்று சொல்லுங்கள்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் அவள்